முன்னால் நாடா, பின்னால் எலாஸ்டிக்

1

இது ஒரு விளம்பரக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது.

ரெடிமேட் உடைகளுக்குப் பேர்போன புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருக்கும் செல்வக்குமார் என்னோடு கல்லூரியில் படித்தவர். நான் இலக்கியம். அவர் வணிகவியல். இதுவரை நைட்டி மட்டும் தைத்துவந்த யூனிட்டில் இனி ஆண்களுக்கான இரவு உடையும் தைக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. அதற்காகத் தொடங்கப்போகும் இணையதளத்தில் போட ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'தரமான பைஜாமாவும் கவுனும் தேர்ந்தெடுப்பது எப்படி?' அறுநூறு சொற்கள்.

ஒப்புக்கொண்டேன். நான் பைஜாமா அணிந்ததில்லை. கவுனைச் சினிமாவில் மட்டும் பார்த்திருக்கிறேன். பணக்கார அப்பா அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வருவார். மகளின் காதலை மறுத்துவிட்டு மறுபடியும் ஏறிப் போவார்.

எழுதிய முதல் வரி இது:

நாள் முழுவதும் உழைத்த ஆணின் உடல் இரவில் கேட்பது

என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களின் உடல் ஒரு சாரத்தைக் கேட்கும். (வடக்கே கைலி, லுங்கி. இங்கே சாரம்.) அதற்குக் கட்டுரை தேவையில்லை.

துணிகளையாவது தொட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் யூனிட்டுக்குப் போனேன். அங்கே முத்துத்தாயைப் பார்த்தேன். அதன் பிறகு கட்டுரையில் ஒரு வரிகூட நகரவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கோவில்பட்டியில் ஏறி, நடுவே பஸ் மாறி, மடியில் ஒரு துணிக்கடைப் பையை வைத்துக்கொண்டு முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடந்தது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிரியும் விலக்கில் கோட்டை பார்க்க வந்த வேன்கள் நின்றன. அவள் எதையும்

அடித்துவிட்டேன். அவள் எதையும் பார்க்கவில்லை என்றால் நான் ஏன் அதையெல்லாம் எழுத வேண்டும்? கரிசல் என்று எழுதினாலே கை தானாக நீளமாக எழுதுகிறது.

(முத்துத்தாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது 'அவர்' என்றால் தள்ளி நிற்கிறாள். அதனால் 'அவள்'. அவளுடைய கணவர் நந்தகோபாலை நான் பார்த்ததே இல்லை. அவர் 'அவர்' ஆகவே இருக்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை. அதை வைத்துக்கொள்கிறேன்.

3

நந்தகோபாலின் சாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவிழ்ந்து விழுந்தது.

அவருக்கு அறுபத்தைந்து வயது. கோவில்பட்டியில் முப்பது வருடமாகப் பால் டிப்போ. தை மாதத்தில் ஒருநாள் பால் கேனைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் வலது காலும் போயின. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளியில் ப்ரியதர்ஷினி என்ற பிசியோ பெண் ஸ்கூட்டரில் வந்து நடக்கப் பழக்குவாள்.

"அங்கிள், கைய என் தோள்ல வைங்க. வலது கால முன்னால. ஒன்னு..."

ஒன்றுக்குக் கால் வந்தது. இரண்டுக்குச் சாரம் விழுந்தது.

உள்ளே டிராயர் இருந்தது. இருந்தும் என்ன. ப்ரியதர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்ல பெண். "பரவால்ல அங்கிள், எங்க அப்பாவும் இப்படித்தான்" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நந்தகோபால் கட்டிலில் உட்கார்ந்தார். படுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை அவள் வந்தபோதும் சுவரையே பார்த்தார். புதன்கிழமையும்.

சாரம் கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கை விரித்துப் பிடிக்க, ஒரு கை இழுத்துச் சொருக. ஐந்து வயதில் பழகிய பிறகு எந்த ஆணும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. முத்துத்தாய் கட்டிவிட்டாள். அவளுடைய கை சேலைக்குப் பழகிய கை. நாலு எட்டில் நழுவியது. மேலே பச்சை பெல்ட் போட்டுவிட்டாள். கக்கூசில் ஒரு கையால் அதைக் கழற்ற முடியவில்லை. அதற்கும் மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெல்ட் ஆணிக்குப் போனது.

சென்னையில் இருக்கும் மகள் பானு இரண்டு டிராக் பேன்ட் அனுப்பினாள். நந்தகோபால் இடது கை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது துணியில்ல, பிளாஸ்டிக்."

"போட்டுத்தான் பாருங்களேன்."

"இந்த வெயில்ல இதப் போட்டா தொடை வெந்துரும். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு, அவ புருசனுக்குக் குடுக்கச் சொல்லு."

புதன்கிழமை கிளம்பும்போது ப்ரியதர்ஷினி வாசலில் நின்று சொன்னாள்: "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. திங்கக்கிழமை வாரேன். அன்னைக்கும் எந்திரிக்கலன்னா அந்த டைம வேற பேஷன்ட்டுக்குக் குடுத்திருவேன். தப்பா நெனைக்காதீங்க."

"இன்னும் ரெண்டு வாரம் பாரேன்மா."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல ஆன்ட்டி? மூணு மாசம். அதுக்குள்ள நடக்க வச்சாத்தான் உண்டு. இப்பவே கால் வெறைக்க ஆரம்பிச்சிருச்சு."

முத்துத்தாய்க்கு என்ன வாங்க வேண்டும் என்று தெரியும். சாரம் விழுந்த அன்றே தெரியும். ஆனால் அந்தப் பெயரை அவரிடம் அவளால் சொல்ல முடியாது.

4

1986. நந்தகோபாலுக்கு இருபத்தேழு வயது. பம்பாயில் ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் வேலை. துணி தேய்ப்பார். விருந்தாளிகளின் இரவு உடைகளைத் தேய்த்து, துணியின் கையைப் பின்னால் மடித்து, காலர் தெரிய அடுக்கிவைப்பார். கல்யாணத்துக்காக ஊருக்கு வரும்போது தனக்கும் ஒரு செட் வாங்கிவந்தார். நீலக் கோடு போட்ட பைஜாமா. அரக்கு நிறக் கவுன். இடுப்பில் கட்டப் பின்னல் கயிறு, நுனியில் குஞ்சம்.

முத்துத்தாயின் ஊர் இடைசெவலுக்குப் பக்கம். ஆட்டுக்காரர் வீடு. மறுவீட்டுக்குப் போன முதல் காலை அவர் அதை அணிந்துகொண்டு முற்றத்துக்கு வந்தார்.

பட்டியில் இருந்த இருபது ஆடும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. கிடா பட்டி வாசலின் படலை முட்டித் தள்ளியது. ஆடுகள் தெருவில் ஓடின. மாமனார் அவற்றின் பின்னால் ஓடினார். முத்துத்தாயின் தாய்மாமன் சாமித்துரை வேப்பங்குச்சியை வாயில் இருந்து எடுத்தார்.

"என்ன மாப்ள, கொங்காணியோட வாரீரு? பம்பாய்ல மழையா?"

கொங்காணி என்பது மழைக்குத் தலைவழியே மடித்துப் போடும் சாக்கு.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து இன்னொருவர்: "ஏலே, ஃபாதர் வந்திருக்காருலே. முட்டி போடுங்க."

முத்துத்தாய் சிரித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. இடுப்பில் இருந்த குடம் ஆடித் தண்ணீர் சிந்தியது. அவர் மாமனைப் பார்க்கவில்லை, வேலியையும் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்தார். உள்ளே போனார். மாமனாரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பைஜாமாவையும் கவுனையும் அவரே மடித்தார். கையைப் பின்னால் வைத்து, காலர் தெரிய. தகரப் பெட்டிக்குள் வைத்தார். முப்பத்தெட்டு வருடம் அதை எடுக்கவில்லை.

*

இந்தப் பகுதியை முத்துத்தாய்க்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஆடு மிரளல."

"மிரளலையா?"

"அதுபாட்டுக்குக் கொழை தின்னுக்கிட்டு நின்னுச்சு. எங்க மாமா கேலி பண்ணதும் நெசந்தான், வேலிக்கு அங்கிட்டு நின்னவரு சொன்னதும் நெசந்தான். ஆனா அதெல்லாம் பொறவு. மொதல்ல சிரிச்சது நான்."

ஆடுகளை நான் சேர்த்தேன். ஆடுகள் ஓடினால் அவள் சிரித்ததற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. மாமனை முன்னால் பேசவிட்டதும் அதற்காகத்தான். அவளுக்கு அந்தக் காரணம் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். நீங்களும் எடுத்துவிட்டுப் படியுங்கள். ஆடுகள் நிற்கட்டும். மாமன் பல் துலக்கட்டும். புது மாப்பிள்ளை வாசலுக்கு வருகிறார். புதுப்பெண் சிரிக்கிறாள்.

5

அவர் அதை ஏன் வாங்கினார் என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பானு தொட்டிலில் இருந்த காலம்.

அந்த ஓட்டலில் ஒரு வயதான தம்பதி. துணியைக் கொடுக்க அறைக்குப் போனபோது பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர் கவுன் அணிந்திருந்தார். மனைவிக்குக் கோப்பையில் டீ ஊற்றிக்கொடுத்தார்.

"அவ்ளோதான். வேற ஒன்னுமில்ல. நமக்கும் கல்யாணம் ஆனா இப்படி ஒருநா ஊத்திக்குடுக்கணும்னு தோணுச்சு."

முத்துத்தாய் அப்போது சிரிக்கவில்லை. பிள்ளை அழுதது. எழுந்து போனாள்.

(அவர் வாழ்க்கையில் டீக்குப் பஞ்சமே இல்லை. பால் டிப்போக்காரர். ஆனால் வீட்டில் முத்துத்தாய்தான் போட்டு, முத்துத்தாய்தான் ஊற்றினாள்.)

இந்த வியாழக்கிழமை காலை, கட்டிலுக்கடியில் இருந்து அந்தத் தகரப் பெட்டியை இழுத்தாள். தரையில் கரகரவென்று சத்தம். மேலே அவர் படுத்திருந்தார். விழித்துத்தான் இருந்தார். சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பெட்டியில் என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை.

6

தரமான இரவு உடையை அடையாளம் காண்பது எளிது. முதலில் அதை

இதை மாடக்கண்ணு சொல்லிக்கொடுத்தார். செல்வக்குமாரின் யூனிட்டில் மூத்த தையல்காரர் அவர். முத்துத்தாய் பையில் இருந்து பழைய செட்டை எடுத்து மேசையில் வைத்ததும் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்பக்கமாகத் திருப்பினார்.

"இங்கன பாருங்க சார். பிசிறு தெரியுதா?"

தெரியவில்லை. தையலின் ஓரம் மடித்து, மடிப்பின் மேல் இன்னொரு தையல் ஓடியிருந்தது.

"ரெட்டைத் தையல். ஒடம்புல உறுத்தாது. நாங்க பிசிறு பிரியாம ஓரத்துல ஓவர்லாக் மட்டும் போட்டு விட்டுருவோம். இது யாரோ பொறுமையாத் தச்சிருக்கான்." துணியை முஷ்டியில் கசக்கி விட்டார். மெல்ல விரிந்தது. "பருத்தி. முழுப் பருத்தி. பொத்தானப் பாத்தீங்களா, சிப்பி. இப்ப எங்க கிடைக்கு."

நான் குறித்துக்கொண்டேன்: உள்பக்கம், கசக்கல், பொத்தான். கட்டுரைக்கு மூன்று பத்தி.

மடித்த இடங்களில் துணி இற்றுப்போயிருந்தது. விரித்ததும் கோடு கோடாகக் கிழிந்தது.

"இதே மாதிரி வேணும் தம்பி" என்றாள் முத்துத்தாய். "பைஜாமா ரெண்டு, கவுன் ஒன்னு. இடுப்பு இப்ப முப்பத்தெட்டு."

செல்வக்குமார் உற்சாகமானார். ஆண்களுக்கான முதல் ஆர்டர் இது. "அக்கா, கவுனுக்கு டவல் துணி போட்டுருவோமா? ஏசி ரூம்ல கதகதன்னு இருக்கும்."

"எங்க வீட்டு ஃபேன்ல பல்லி தூங்குது தம்பி. அவ்ளோ வேகமா ஓடும். மெல்லிசாப் போடுங்க."

மாடக்கண்ணு சிரித்தார். "இடுப்புக்கு எலாஸ்டிக்தானக்கா?"

"நாடா."

"நாடாவ ஒத்தக் கையால கட்ட முடியாதேக்கா. அண்ணாச்சிக்கு ஒரு கை வராதுன்னீங்க."

"தெரியும்."

"அப்பொறம்?"

"எலாஸ்டிக்குன்னா அவியளுக்குத் தொட்ட ஒடனே தெரிஞ்சிரும். நல்ல பைஜாமாவுக்கு நாடாத்தான்னு ஒரு எண்ணம் அவியளுக்கு. நோயாளிக்குத் தச்சதுன்னு நெனைச்சிட்டா போடவே மாட்டாவ."

மாடக்கண்ணு பென்சிலைக் காதில் சொருகினார். எடுத்தார். மறுபடியும் சொருகினார். நோயாளிக்கும் வேண்டும், நோயாளியாகவும் தெரியக் கூடாது. நைட்டியில் இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை.

"முன்னால நாடா" என்றார். "முடிச்சுப் போட்டே தச்சு விட்டுருதேன். அது சும்மா பார்வைக்கு. பின்னால பாதிக்கு எலாஸ்டிக், துணிக்குள்ள மறைச்சு. ஒத்தக் கையால இழுத்தா ஏறும், தள்ளுனா எறங்கும்."

முத்துத்தாய் அவரைப் பார்த்தாள். "கவுனுக்கு?"

"கயிறு பேருக்கு இருக்கட்டும். உள்ள ரெண்டு பெரிய பொத்தான் வைப்போம். காஜாவக் கொஞ்சம் தாராளமா அடிச்சா ஒரு கையே போதும்."

(எலாஸ்டிக்கா நாடாவா என்பது அவரவர் வசதியைப் பொறுத்தது என்று கட்டுரையில் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன்.)

7

சனிக்கிழமை உடைகள் தயாராக இருந்தன. நானும் போயிருந்தேன். கட்டுரைக்காக என்று செல்வக்குமாரிடம் சொன்னேன்.

புதியம்புத்தூர் யூனிட்டுகளில் யாரும் ஒரு முழு உடையைத் தைப்பதில்லை. ஒருவர் வெட்டுவார். ஒருவர் தோள் இணைப்பார். ஒருவர் கை மட்டும். மாடக்கண்ணுகூடப் பதினொரு வருடமாகக் காலர் மட்டும்தான். காஜா, அதாவது பொத்தான் துளை, அடிப்பது சொர்ணத்தாய். ஒரு நாளைக்கு ஐந்நூறு நைட்டி அவள் கைக்கு வரும். யாருடையது, எதற்கு என்று பார்க்க நேரமில்லை. வருகிற துணியை இழுத்து, குறித்த இடத்தில் மெஷினை இறக்குவாள்.

கவுன் நன்றாக இருந்தது. அதே அரக்கு நிறம். மெல்லிய பருத்தி. மாடக்கண்ணு தன் கையாலேயே ரெட்டைத் தையல் போட்டிருந்தார். முத்துத்தாய் பைஜாமாவை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. கவுனை விரித்தாள்.

விரித்தபடியே நின்றாள்.

"தம்பி, இது எந்தப் பக்கம்?"

மாடக்கண்ணு வந்து பார்த்தார். "ஏட்டி சொர்ணம்! இங்க வா."

ஆண்கள் உடையில் இடது பக்கம் மேலே வரும். காஜா அதில் இருக்கும். பெண்கள் உடையில் வலது பக்கம் மேலே. சொர்ணத்தாய் காஜாவை வலது பக்கத்தில் அடித்திருந்தாள்.

"நீங்க பக்கம் குறிச்சு விடலியே அண்ணாச்சி" என்றாள் சொர்ணத்தாய். பிறகு குரல் இறங்கியது. "கைப் பழக்கம்க்கா. பதினாலு வருசமா இந்தப் பக்கந்தான் அடிக்கேன். ஆம்பளைக்குன்னு ஒன்னு வரும்னு நெனைக்கல."

காஜா என்றால் வெட்டு. வெட்டிய துளையை மூட முடியாது. முன்பக்கத்தை மாற்ற வேண்டும். அந்தத் துணியும் தீர்ந்திருந்தது.

"புதன்கிழமை புதுசாத் தச்சுத் தந்திருதேன்க்கா" என்றார் செல்வக்குமார்.

"திங்கக்கிழமை அந்தப் பிள்ளை வரும்."

"பைஜாமா சரியாத்தான இருக்கு? இப்போதைக்கு அதக் கொண்டுபோங்க."

"மேல போட ஒரு உடுப்பு இல்லாம அவிய எந்திரிக்க மாட்டாவ. பைஜாமாவ மட்டும் போட்டு ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னால நிக்க மாட்டாவ. அன்னைக்கும் மேல கவுன் போட்டுத்தான் வந்தாவ." அவள் காஜாவை விரலால் தடவினாள். "ஆயிரம் கவுன் தேச்ச கை தம்பி அது. பாத்ததும் சொல்லிருவாவ, இது பொம்பளை கவுன்னு. நான் வேணும்னே செஞ்சேன்னு நெனைப்பாவ. ரெண்டாந்தடவையும் சிரிக்கதுக்கு."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அவள் செய்ததை நான் சேர்க்கவில்லை. நான் அங்கே நின்றேன்.

முத்துத்தாய் கவுனைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். தரையில் புரண்டது. வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். இடது கையால் வலது பக்கத்தை இழுத்துப் பொத்தானின் மேல் போட்டாள். தள்ளினாள். ஒன்று. இரண்டாவதும் போட்டாள்.

அங்கே ஆணியில் செல்வக்குமாரின் சட்டை தொங்கியது. கேட்காமல் எடுத்தாள். கவுனைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் போட்டாள். வலது கை பின்னால். இடது கை பொத்தானைத் தேடியது. துளை ஓடியது. பிடித்தாள். மறுபடியும் ஓடியது.

சட்டையை ஆணியில் மாட்டினாள். கவுனை இன்னொரு முறை போட்டு, இடது கையால், இந்த முறை இன்னும் வேகமாக.

அப்போது யாரோ சிரித்தார்கள். கை தைக்கும் வரிசையில் ஒரு பெண். பக்கத்துப் பெண்ணும் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண், தரை புரளும் ஆம்பளைக் கவுனுக்குள், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. நாலு வரிசையும் சிரித்தது. மெஷின்கள் நின்றன.

முத்துத்தாய் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். குஞ்சம் வைத்த கயிற்றைக் கையில் பிடித்திருந்தாள்.

"இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பொத்தான்களைக் கழற்றினாள். மேசையில் விரித்தாள். கையைப் பின்னால் வைத்து, காலர் தெரிய மடித்தாள்.

"இருக்கட்டும். இதையே கொண்டுபோறேன்."

8

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை என்ன நடந்தது?

ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். நந்தகோபால் கவுனைக் கையில் வாங்குகிறார். திருப்புகிறார். காஜா எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். சுவர்ப் பக்கம் திரும்புகிறார். இது நடக்கக் கூடியது. முத்துத்தாய் பயந்ததும் இதற்குத்தான். எழுதி முடித்ததும் அவளுக்குத் துரோகம் செய்ததுபோல் இருந்தது. அழித்தேன்.

இன்னொன்று. சொர்ணத்தாயின் தவறே அவருக்கு உதவுகிறது. இடது கையால் இரண்டு நொடியில் பொத்தான் போடுகிறார். எழுந்து நடக்கிறார். சமையலறை வரை போய் இடது கையால் மனைவிக்கு டீ ஊற்றுகிறார். கொஞ்சம் சிந்துகிறது.

அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை. பொத்தான் சுலபம் என்பது உண்மை, நான் பார்த்தேன். ஆனால் பொத்தான் சுலபமாக இருப்பதும் மனசு இளகுவதும் வேறு வேறு. முப்பத்தெட்டு வருடத்தை ஒரு காஜா சரிசெய்யாது. சொல்ல வேண்டிய ஒன்றை யாராவது சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன்: "பக்கம் மாறியிருக்குன்னு சொல்லிருவீங்களாக்கா?"

"சொல்லாம? அத மொதல்ல சொல்லுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மத்ததையும் சொல்லணும்."

"என்னன்னு?"

பஸ் புறப்பட்டுவிட்டது. ஜன்னலில் இருந்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. கதைக்காக அந்த இடத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: 'நான் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை, சந்தோசத்தில்.' பொய். அவள் அப்படிச் சொல்லமாட்டாள். ஆடுகளை ஏற்காதவள் இதையா சொல்லப்போகிறாள்.

9

துணி பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கட்டுரைக்காக மாடக்கண்ணு சொன்னது:

புதிய இரவு உடையை வாங்கியதும் அப்படியே அணியக் கூடாது. ஒருமுறை தண்ணீரில் அலசி, காயவைத்து, கஞ்சி போன பிறகு அணிய வேண்டும். அப்போதுதான் துணி உடலுக்குப் பழகும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நான் கோவில்பட்டியில் அந்தத் தெருவுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. கதை எழுதுகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. பைக்கைக் கேட் பக்கத்தில் நிறுத்தினேன். ப்ரியதர்ஷினியின் ஸ்கூட்டர் நின்றது. மாடிப்படிக்குக் குறுக்கே கட்டிய கொடியில் நீலக் கோடு போட்ட பைஜாமா ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் நாடா தொங்கியது. கவுன் கொடியில் இல்லை.

ஒரு பைஜாமா காய்ந்தால் இன்னொன்று எங்கே? அவர் உடம்பிலா, அலமாரியிலா? கவுன் எங்கே? ஞாயிற்றுக்கிழமையே காய்ந்துவிட்டதா, அல்லது தகரப் பெட்டிக்குள் போய்விட்டதா?

ஜன்னல் திறந்திருந்தது. திரை போட்டிருந்தது.

"வலது கால் முன்னால அங்கிள்" என்று அந்தப் பெண்ணின் குரல். "ஒன்னு..."

பிறகு ஒன்றும் இல்லை. நான் இரண்டுக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு வருவதற்கு முன்னால் முத்துத்தாய் சிரித்தாள். எனக்கு அந்தக் குரல் தெரியும், அந்தச் சிரிப்புத் தெரியாது. ஒரு தடவைகூட அவள் என் முன்னால் சிரித்ததில்லை. வாயைப் பொத்திப் பார்க்கும் சிரிப்பு. நிற்காத சிரிப்பு. எங்கோ ஒரு குடத்தில் இருந்து தண்ணீர் சிந்துவதுபோல.

அதற்கு அடுத்து வருவதுதான் கதையின் முடிவு. இன்னொரு சிரிப்பு வரலாம், கரகரத்த, கோணிய வாயில் இருந்து வரும் ஆணின் சிரிப்பு. அல்லது கட்டில் கிரீச்சிடும், ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்புவார்.

நான் பைக்கை உதைத்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நீங்கள் இன்னும் கேட் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கேட்கும்.